கல் இல்லாத பை

கல்கத்தா லேக் கார்டன்ஸில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா. அவருடைய கண்ணாடி அலமாரியில், மண் பொம்மைகளுக்கும் பூரி ஜகந்நாதர் கோயிலில் வாங்கிய சங்குக்கும் நடுவே, பழைய மருந்து பாட்டில் ஒன்று இருந்தது. அதற்குள் அவருடைய பித்தப்பைக் கற்கள். வெந்தய அளவில் தொடங்கி கொண்டைக்கடலை அளவு வரை. அறுவைசிகிச்சை முடிந்ததும் ஆஸ்பத்திரியில் கழுவிக் கொடுத்தார்களாம். வருகிற விருந்தாளிக்கெல்லாம் முதலில் டீ, அடுத்தது அந்த பாட்டில். கையில் வாங்கி ஒரு குலுக்கு குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இத்தனையா" என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நானே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

இது அவருக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. அந்தத் தெருவிலேயே இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் இப்படி பாட்டில்கள் இருந்தன. யாருடைய கல் பெரிசு என்று மொட்டைமாடியில் பேச்சு நடக்கும். கல்லைக் காட்டிவிட்டால் போதும், அந்த மனுஷி பட்ட பாட்டை யாரும் சந்தேகிப்பதில்லை.

எனக்கும் அதே இடத்தில்தான் வலி. கல்தான் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரம்பித்தது. அலுவலகத் தோழி வீட்டுக் கல்யாணத்தில் லுச்சி என்கிற மைதா பூரியும் கடலைப்பருப்புக் கூட்டும் சாப்பிட்டு வீடு வந்து சேர்வதற்குள், வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிடித்துக்கொண்டார்கள். பிடி முதுகுக்குப் போனது, அங்கிருந்து வலது தோள்பட்டைக்குப் போனது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. விடிந்தபோது போய்விட்டது. இனி வராது என்று நினைத்தேன். எண்ணெய், நெய் எது உள்ளே போனாலும் வந்தது. மூன்று வருடம் வந்தது.

ஸ்கேன் எடுத்தோம். கல் இல்லை, பை சுத்தம். ரத்தம் பார்த்தோம், எல்லாம் சரி. வாய் வழியாகக் குழாய் விட்டும் பார்த்தாயிற்று, புண் எதுவும் இல்லை. கல்கத்தாவில் வயிற்றுவலிக்கு என்று ஒரு பெயர் ஏற்கெனவே தயாராக இருக்கிறது: ஒம்போல். நம்மூர் நெஞ்செரிச்சல், புளியேப்பம், அஜீரணம், கேஸ் எல்லாம் அதில் அடக்கம். மூன்று டாக்டர்கள் ஒம்போல் என்றார்கள். மினி பஸ் கண்டக்டர் ஒருவரும் நான் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு ஒம்போல் என்றார். அவர் காசு வாங்காமல் சொன்னார் என்பதுதான் வித்தியாசம்.

வீட்டுக்காரம்மாவை மாஷிமா என்று கூப்பிடுவோம். அந்த ஊரில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும், சித்தி, பெரியம்மா மாதிரி. படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பேத்தா கொர்ச்சே?" என்பார். வலிக்கிறதா என்று அர்த்தம். ஆமாம் என்றால், "பாத்தோர் தோ நேய்" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வார். கல்தான் இல்லையே. கல் இல்லாதவளுக்கு என்ன வலி என்பது அவர் கணக்கு.

அவர் கணக்கைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் கணக்கும் அதுவாகவே இருந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் வங்கியில் வேலை பார்த்தார். திருநெல்வேலிக்காரர், நானும் அங்கேதான். மெதுவாகப் பேசுவார், எதையும் மூடி வைத்துவிட்டுத்தான் நகருவார். என் வலியை அவர் அலட்சியம் செய்தார் என்று சொன்னால் அது அநியாயம். அளவுக்கு மீறிக் கவனித்தார். அடுப்படியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். பாலில் ஆடையை எடுத்துவிடுவார். வாழைக்காயும் பப்பாளிக்காயும் உப்புப் போட்டு வேகவைப்பார். நெய் ஜாடியைப் பரணில் ஏற்றினார். ஆனால் வலிக்குக் காரணம் மட்டும் என் குணம் என்று முடிவு கட்டியிருந்தார்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்காம்லா" என்பார். "உனக்குக் கோவம் ஜாஸ்தி. கோவப்பட்டா பித்தம் ஏறத்தான செய்யும். அதைக் கொறச்சுப் பாரு, பாதி வலி தன்னால போயிரும்."

"பித்தம் ஏறுதுன்னு நீங்களே சொல்லுதீங்க. அப்ப பித்தம் இருக்க பையைப் பாக்காம என் மூஞ்சியை ஏன் பாக்கீங்க?"

"பாத்தியா, இப்பவே கோவம்."

கோபம் எனக்கு உண்டு, பிறவியிலேயே உண்டு. ஆனால் எனக்கு நாற்பது வயதாகிறவரை அது விலாவில் வலித்ததில்லை. வலிக்கிறபோதுகூடத் தாங்கிக்கொள்ளலாம். வலிக்கிறது என்று சொல்லும்போது எதிரே இருப்பவர் தலையை ஆட்டிவிட்டு மனதுக்குள் இல்லை என்கிறாரே, அது என்னைத் தின்றது.

என் வேலை வேறு அப்படி வாய்த்துவிட்டது. கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில், இழப்பீடு கேட்டு வருகிற மனுக்களைப் பார்க்கும் பிரிவு. தேயிலை மூட்டை நனைந்துவிட்டது, பிஸ்கட் பெட்டி நசுங்கிவிட்டது, நெய் டின் பாதி காலியாக வந்து சேர்ந்தது என்று வியாபாரிகள் எழுதுவார்கள். சாட்சி எங்கே என்று கேட்பது நான். சாட்சி இல்லாமல் வருகிறவர் அழுதாலும் நம்பக்கூடாது. அதைவிட முக்கியமான பாடம் ஒன்று அங்கே கற்றிருந்தேன். அரைகுறை சாட்சியை வைத்து அனுமதித்த வழக்கு ஒருநாள் திரும்பி வரும், வரும்போது நமக்கு நிற்க இடம் இருக்காது.

கடைசியில் ஒரு அறுவைசிகிச்சை டாக்டரிடம் போனோம். அடித் தொண்டையில் பேசுகிறவர். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார், நடுவில் ஒம்போல் என்று சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"கல் இல்லாமலும் பை கெட்டுப்போகலாம்" என்றார். "நாம் கொழுப்புச் சாப்பிட்டால் பை சுருங்கி, பித்தத்தை வெளியே தள்ள வேண்டும். சில பேருக்கு அது நாள்பட்ட அழற்சியில் தடித்துப்போய், சுருங்க மறுக்கும். ஸ்கேனில் அது தெரியாது. வேறொரு பரிசோதனை இருக்கிறது. அதில் பை வேலை செய்யவில்லை என்று தெரிந்தால், துளைபோட்டு எடுத்துவிடலாம். வேலை செய்கிறது என்றால் நான் கத்தியைத் தொட மாட்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல் இருக்கும் பையை எடுத்தால் வலி போகும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும். கல் இல்லாத பையை எடுத்தும் சிலருக்கு வலி அப்படியே இருப்பதுண்டு."

வெளியே வந்ததும் இவர், "பாத்தியா, அவரே சந்தேகமாத்தான் சொல்லுதாரு" என்றார். எனக்குச் சந்தேகம் இல்லை. முதன்முறையாக என் வலிக்கு ஒரு விசாரணை கிடைத்திருக்கிறது, அது போதும் என்றிருந்தது.

பரிசோதனை மையம் காளிகாட் காளி கோயில் பக்கம். கையில் ஊசி போட்டு ஒரு மருந்தை ஏற்றுவார்கள். அது ஈரலுக்குப் போய், பித்தத்தோடு கலந்து, பைக்குள் நிறையும். மேலே ஒரு பெரிய கேமரா அதைப் படமெடுக்கும். பை நிறைந்ததும் கொழுப்பான சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மறுபடி படுக்க வேண்டும். பை சுருங்குகிறதா என்று படத்தில் தெரிந்துவிடும். அந்தச் சாப்பாட்டை நாமே வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும் என்று அங்கிருந்த பெண் டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவித்த முட்டை இரண்டு, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஆடை எடுக்காத பால்.

முட்டை சாப்பிட மாட்டேன் என்றேன். வேறு என்ன என்று கேட்டார். வெண்பொங்கல் என்றேன்.

"கிச்சுரி மாதிரியா?" அரிசியும் பருப்பும் சேர்த்து அவர்கள் குழைய வேகவைப்பது.

"கிச்சுரிதான். நெய்யில் மிதக்கும்."

"அப்படியானால் சரி" என்று சிரித்தார்.

அன்று காலை நான் பட்டினி. பொங்கல் செய்தது இவர். பெரிய டிபன் பாக்ஸில் போட்டு, துண்டில் சுற்றி, மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஊசி போட்டார்கள், படுக்க வைத்தார்கள், பை நிறைந்துவிட்டது என்று எழுப்பி வெளியே அனுப்பினார்கள். "சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ரொம்பத் தாமதிக்க வேண்டாம்" என்றார் டாக்டர். காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன்.

மணமே வரவில்லை. சாதம் உதிரி உதிரியாக நின்றது. மிளகும் சீரகமும் வெறும் சட்டியில் வறுத்துப் போட்டது போலக் கிடந்தன. ஒரு வாய் வைத்தேன். காய்ச்சல்காரனுக்குச் செய்த கஞ்சிக்கு இதைவிட ருசி இருக்கும்.

"நெய் விட்டீங்களா இல்லியா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "விட்டேன். ரெண்டு சொட்டு."

"ரெண்டு சொட்டா? எதுக்கு வந்திருக்கோம்னு தெரியும்லா?"

"தெரியும். ஜாடியை எறக்கத்தான் செஞ்சேன். விடப்போனா கை வரல. உனக்கு வலி வந்துரக் கூடாதுன்னு..."

"வலி வரணும்னுதான இங்க வந்திருக்கோம்."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். ஆனால் எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பொங்கலை நான் பேசாமல் தின்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்தால் என்ன ஆகும்? கொழுப்பே போகாதபோது நல்ல பையாக இருந்தாலும் சுருங்காது. படத்தில் பை வேலை செய்யவில்லை என்று வரும். டாக்டர் எடுத்துவிடுவார். மூன்று வருடமாக நான் வாதாடுகிற வழக்கு எனக்குச் சாதகமாக முடியும். நெய் இல்லை என்பது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அப்புறம் வலி போகாவிட்டால்? பை கெட்டதா, சாட்சி கெட்டதா என்று ஆயுசுக்கும் தெரியாது. ஆபீஸில் அப்படி ஒரு மனு என் மேஜைக்கு வந்திருந்தால் மூலையில் தூக்கிப் போட்டிருப்பேன். என் வழக்கு என்பதற்காக அதை அனுமதிக்க எனக்கு மனசு வரவில்லை. பை நிஜமாகவே கெட்டிருக்கிறது என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. நம்பிக்கை இருக்கிறவளுக்குப் பொய்ச் சாட்சி எதற்கு?

"எந்திரிங்க" என்றேன். "கோயில் பக்கம் அத்தனை மிட்டாய்க் கடை இருக்கு. போய் ரபடி வாங்கிட்டு வாங்க. ஆடையா அள்ளிப் போடச் சொல்லுங்க. சீக்கிரம்."

டிராமைப் பிடிக்கக்கூட ஓடாத மனுஷர் அவர். அன்றைக்குக் காளிகாட் சந்தில், அர்ச்சனைத் தட்டுக்காரர்களுக்கும் செம்பருத்தி மாலைக் கூடைகளுக்கும் நடுவே ஓடியிருக்கிறார். மண் சட்டி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் நனைந்து வந்து நின்றார். சுண்டக் காய்ச்சிய பாலில் ஆடை அடுக்கடுக்காக மிதந்தது. அந்தப் பெண் டாக்டர் எட்டிப் பார்த்து, "இது முட்டையைவிட நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வருடமாக நான் தொடாத வஸ்து. சொட்டு விடாமல் சாப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஏதோ விஷம் குடிப்பது போல அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவா சாப்பிடு" என்றார். "போதும்லா" என்றார். சட்டியை வழித்து அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

படுத்துக் கொஞ்ச நேரத்தில் அது வந்தது. விலாவுக்குக் கீழே அதே கை, அதே பிடி. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வலியின் நடுவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வா, நன்றாக வா, இன்றைக்கு உனக்குச் சாட்சி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இவரை உள்ளே கூப்பிட்டார். திரையைக் காட்டி அவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "இந்தக் கறுப்புதான் பை. இந்நேரம் பாதிக்கு மேல் காலியாகியிருக்க வேண்டும். சாப்பிடும் முன்பு இருந்த மாதிரியே இருக்கிறது பாருங்கள்." இவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். வீடு வந்ததும் அந்தக் காய்ந்த பொங்கலை அவரே, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல், தின்று தீர்த்தார்.

அறுவைசிகிச்சைக்கு நான் பயப்படவில்லை. மாஷிமாவுக்கு அந்தக் காலத்தில் வயிற்றைக் குறுக்கே கிழித்து எடுத்தார்கள். அந்தத் தழும்பையும் அவர் காட்டுவார். எனக்கு நாலு துளை, தொப்புளில் ஒன்று, மேலே மூன்று. வயிற்றுக்குள் வாயுவை நிரப்பி உப்பவைத்து, ஒரு துளை வழியாகக் கேமராவை விட்டு, மற்ற துளைகள் வழியாகப் பையைக் கத்தரித்து எடுத்துவிடுவார்கள். விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. உள்ளே மிச்சமிருக்கும் வாயு செய்கிற வேலை, இரண்டொரு நாளில் போய்விடும் என்றார் நர்ஸ். மூன்று வருடமாக எல்லோரும் ஒம்போல், கேஸ் என்றார்கள். கடைசியில் உண்மையாகவே கேஸை ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்துச் சிரிக்கப்போய், துளைகள் இழுத்துக்கொண்டு கண்ணில் நீர் வந்துவிட்டது.

பையை இவரிடம் தட்டில் வைத்துக் காட்டினார்களாம். சுவர் தடித்து, பக்கத்துச் சதையோடு ஒட்டிக் கிடந்தது, பிரிக்கக் கஷ்டப்பட்டோம் என்று டாக்டர் சொன்னாராம். கல் ஒன்றுகூட இல்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு நர்ஸ் ஒரு குட்டி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, ஆனால் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாஷிமா மேலே வந்தார். நலம் விசாரித்தார், துளைகளைப் பார்த்தார், இவ்வளவுதானா என்றார். பிறகு, "பாத்தோர் கோய்?" என்று கையை நீட்டினார். கல் எங்கே?

இல்லை என்றேன்.

நீட்டின கை அப்படியே நின்றது. "அப்புறம் எதற்கு எடுத்தார்கள்?" என்று பெங்காலியில் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. இவர் அங்கேயே நாற்காலியில்தான் இருந்தார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரையைப் பார்த்தவர், தட்டில் பார்த்தவர், ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அதோடு பயமும் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வலி திரும்பி வந்துவிட்டால் மாஷிமா கேட்டதைத் தெருவே கேட்கும். இவரும் வாயால் கேட்காமல் கேட்பார். எனக்கு நிற்க இடம் இருக்காது.

துளைகள் ஆறின. அலுவலகம் போகத் தொடங்கினேன். இனி எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் சாப்பிடவில்லை. தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். இவரும் கட்டாயப்படுத்தவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மணம் வந்து எழுப்பியது. போய்ப் பார்த்தால் நெய் ஜாடி கீழே மேடையில் இருக்கிறது, இவர் வாணலியில் முந்திரி வறுத்துக்கொண்டிருக்கிறார். பொங்கல் தளதளவென்று குழைந்து கிடந்தது. தட்டில் போட்டு, அதற்கு மேலும் ஒரு கரண்டி விட்டார். இந்தத் தடவை கை வந்தது.

"சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டேன். இருவரும் முன்னறையில் உட்கார்ந்தோம். அவர் செய்தித்தாளை எடுத்தார், பக்கம் புரட்டவில்லை. நான் விலாவுக்குள் காதை வைத்துக்கொண்டு இருந்தேன். தெருவில் பழைய பேப்பர்க்காரன் கத்திக்கொண்டு போனான். கீழே மாஷிமா வீட்டில் யாரோ வந்திருக்கும் சத்தம். வெயில் ஜன்னலிலிருந்து கட்டில்கால் வரை வந்தது. வழக்கமாக வலி வருகிற நேரம் வந்தது, கடந்தது. எழுந்து துணி ஊற வைத்தேன், குனிந்தேன், நிமிர்ந்தேன். ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

நான் சொல்வதற்குள் கதவு தட்டும் சத்தம். மாஷிமா, கூடவே பெஹாலாவிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கை. நெய் மணம் கீழே வரை வந்ததாம். உட்கார வைத்து ஆளுக்கொரு தட்டு கொடுத்தேன். தங்கைக்கும் முன்பே கல் எடுத்திருக்கிறார்கள், அவர் வீட்டிலும் ஒரு பாட்டில் உண்டு. உன்னுடையது எவ்வளவு பெரிசு என்று என்னிடம் அன்பாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பு மாஷிமா பதில் சொல்லிவிட்டார். "இவளுக்கு ஒன்றும் இல்லை. சும்மாவே எடுத்துவிட்டார்கள்."

எனக்குள் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. அப்போது நாற்காலியிலிருந்து இவர் குரல் கேட்டது. அத்தனை வருடத்தில் அவர் பேசிய பெங்காலியெல்லாம் காய்கறிக்காரரோடு முடிந்துவிடும். வீட்டில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, மாஷிமாவை நேராகப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"பாத்தோர் சிலோ நா, மாஷிமா. பேத்தா சிலோ."

கல் இல்லை, மாஷிமா. வலி இருந்தது.

மாஷிமா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தலையை மெல்ல ஆட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்க்கும் முன்பு திரும்பி, மேடையிலிருந்து நெய் ஜாடியை எடுத்து வந்து, மாஷிமாவின் தட்டில் இன்னொரு கரண்டி விட்டேன்.